புகை வந்தால் என்ஜின் போச்சா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். "சார், போர் போயிடுச்சு. என்ஜினை இறக்கியாகணும்." சொல்பவர் பானெட்டைக்கூடத் திறந்திருக்க மாட்டார். வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு "நல்லா ரேஸ் பண்ணுங்க" என்பார். இரண்டு மிதி மிதித்ததும் மூக்கைச் சுளிப்பார். தீர்ப்பு வந்துவிடும். வக்கீல் இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அடுத்த தீர்ப்பு காத்திருக்கும். "இந்த டப்பாவுக்கு இவ்வளவு செலவாப்பா? எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." (தவணையை யார் கட்டுவது என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது.)

விசாரணையே நடக்காமல் சொல்லப்படும் இந்த இரண்டு தீர்ப்புகளையும் நான் ஏற்பதில்லை. காய்ச்சல் என்று போனவரை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனால் சும்மா இருப்போமா? எப்போதிருந்து காய்ச்சல், குளிர் இருக்கிறதா, இருமல் உண்டா என்று கேட்டுவிட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே வைத்தியம்? காருக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை கிடையாது?

இதில் பணம் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் பலரிடம் இருப்பது 15, 20 வருடம் ஓடிய வண்டிகள். என்ஜின் வேலைக்குச் சொல்கிற தொகை, வண்டியை விற்றால் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருப்பது சர்வசாதாரணம். பென்ஷனில் காலம் தள்ளுபவர் ஒன்று வங்கியில் போட்டு வைத்ததை எடுத்து என்ஜினை இறக்குவார், இல்லையென்றால் வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ தேடுவார். பழுது சில நூறு ரூபாய் ரப்பர் சீலில் இருந்திருந்தால்?

முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். அதைக்கூடச் சொல்லாமல் "புகை அடிக்குது" என்று மொட்டையாகச் சொல்வதில்தான் பாதிக் குழப்பம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மெல்லிசாக வெள்ளை ஆவி வரும். மார்கழியில் இன்னும் அதிகம். இதைப் பார்த்துப் பயந்து பட்டறைக்கு ஓடுபவர்கள் உண்டு. பெட்ரோலில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரிந்தால் தண்ணீர் உண்டாகும். கணக்குப் போட்டால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர். சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அது ஆவியாகத் தெரியும், நுனியில் சொட்டுச் சொட்டாக விழும். சூடானதும் மறைந்துவிடும். இதற்கு வைத்தியமே வேண்டாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக, ஒரு இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் கதை வேறு. கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இங்கேயே ஒரு கிளைக்கதை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் வெண்ணெய் போலப் பிசுக்கு இருப்பதைக் காட்டி "பாருங்க சார், தண்ணி கலந்துடுச்சு, கேஸ்கட் போச்சு" என்பார்கள். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் என்ஜின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. உள்ளே ஆவி படிந்து மூடியில் அப்படி ஒட்டும். மூடியைத் துடைத்துவிட்டு, ஒருமுறை 40, 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பிசுக்கு மறுபடி வரவில்லை, டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயில் சுத்தமாக இருக்கிறது, கூலன்ட் அளவும் குறையவில்லை என்றால் கேஸ்கட்டை நிம்மதியாக விடலாம்.

கறுப்புப் புகைக்கும் ஆயில் எரிவதற்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, அவ்வளவுதான். அடைத்த ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் வண்டியென்றால் மூடியபடி மாட்டிக்கொண்ட சோக், எம்.பி.எஃப்.ஐ. வண்டியென்றால் ஒழுகும் இன்ஜெக்டர் அல்லது கெட்டுப்போன ஆக்ஸிஜன் சென்சார். கறுப்புப் புகைக்கு ரீபோர் சொல்பவர் இருந்தால் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

மிச்சம் இருப்பது நீலப் புகை. சாம்பல் கலந்த நீலம், எரிந்த எண்ணெய் நாற்றம். ஆயில் எரிகிறது என்பதில் இங்கே சந்தேகமில்லை. ஆனால் எந்த வழியாக உள்ளே போய் எரிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு போல்ட்டில்கூடக் கை வைக்கக் கூடாது.

வழிகள் முக்கியமாக இரண்டு. மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. மேலே ஹெட்டில் வால்வுகள் ஏறி இறங்குகின்றன. அவற்றின் தண்டைச் சுற்றி ஆயில் இருக்கிறது. அது கீழே வழியாமல் தடுக்க ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல். வருடக்கணக்கான சூட்டில் அந்த ரப்பர் கல் மாதிரி ஆகிவிடும். கீழே, பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள். அவற்றில் ஒன்றின் வேலையே சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து அனுப்புவதுதான். ரிங் தேய்ந்தாலோ, மாட்டிக்கொண்டாலோ, சிலிண்டர் சுவர் தேய்ந்தாலோ ஆயில் மேலே ஏறி எரியும்.

இரண்டிலும் புகை நீலம்தான். ஆனால் வரும் நேரம் வேறு. இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

வால்வு சீல் போயிருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் குபீரென்று ஒரு நீல மேகம் வரும். இரவில் தண்டு வழியாகச் சொட்டிய ஆயில் அது. சில நொடிகளில், அதிகம் போனால் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம் சிக்னலில் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மறுபடி ஒரு குபுக். மலைப்பாதையில் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மிதித்ததும் ஒரு குபுக். திராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே வெற்றிடம் அதிகம். அது ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஏற்காடோ கொடைக்கானலோ போய் இறங்கும்போது பின்னால் வருபவரைப் பார்க்கச் சொன்னால் போதும், இலவசப் பரிசோதனை.

ரிங் விஷயம் என்றால் பாரம் ஏறும்போது, மேட்டில், ஓவர்டேக் எடுக்கும்போது புகை அதிகமாகும். நன்றாகச் சூடான பிறகும் நிற்காது. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் ரயில் என்ஜின் மாதிரி புஸ் புஸ்ஸென்று காற்றடிக்கும். இழுவை குறைந்திருக்கும்.

என் நண்பர் ஒருவரின் 2005 மாருதி 800-ஐச் சொல்கிறேன். காலையில் மட்டும் புகை, அதன் பிறகு நாள் முழுக்க ஒன்றும் இல்லை. இரண்டு பட்டறைகளில் ரீபோர் என்றார்கள். எஸ்டிமேட் கையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள், பிஸ்டன் செட் உட்பட. மூன்றாவதாக ஒரு பெரியவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப சார் புகை வருது?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி! வண்டியை ராத்திரி தன்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காலையில் தானே ஸ்டார்ட் செய்து பார்த்தார். கம்ப்ரஷன் எடுத்தார், மூன்று சிலிண்டரும் சரியாக இருந்தன. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, ஆறு சீல். அரை நாள் வேலை. வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

அவர் ஹெட்டைக்கூட இறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சீல் மாற்ற ஹெட்டை இறக்கியே தீர வேண்டும் என்பார்கள். பல என்ஜின்களில் அது உண்மையில்லை. ஸ்ப்ரிங்கைக் கழற்றினால் வால்வு உள்ளே விழுந்துவிடும் என்பதுதான் பயம். அதற்கு ஒரு பழைய கைவேலை உண்டு. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒரு கயிற்றை உள்ளே திணித்து, கிராங்க்கைக் கையால் திருப்பி, பிஸ்டனைக் கொண்டு அந்தக் கயிற்றை மேலே அழுத்த வைப்பது. கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். (பிளக் ஓட்டைக்கு வெளியே கயிற்றின் நுனி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முழுக்க உள்ளே போய்விட்டால் அப்புறம் நிஜமாகவே ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.) ஏர் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் காற்றழுத்தத்தாலேயே வால்வைப் பிடித்து வைப்பார்கள். ஒன்று மட்டும்: சீலைக் கழற்றியதும் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கைடு தேய்ந்து தண்டு ஆடினால் புது சீல் ரொம்ப நாள் நிற்காது. அப்போது ஹெட் வேலை நியாயமானது.

இந்த இரண்டு வழிகளைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமலே என்ஜினை இறக்குபவர்களை நினைத்தால்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. அது பிரீதர். என்ஜின் அடிப்பாகத்தில் சேரும் காற்றையும் ஆவியையும் இன்டேக் பக்கம் அனுப்பும் குழாயும், அதில் உள்ள பி.சி.வி. வால்வும். கட்டை விரல் அளவுதான் இருக்கும். அது கசடு பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் கிடைத்த சந்தில் எல்லாம் பிதுங்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்கும், டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பும், மாற்றிய ஆயில் சீல்கள் மறுபடி மறுபடி ஒழுகும். வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயில் ஆவியை அளவில்லாமல் உறிஞ்சி எரிக்கும். இரண்டிலும் புகை. குழாயைக் கழற்றிக் கழுவவோ வால்வை மாற்றவோ ஒரு மணி நேரம் போதும். இதை முதலில் பார்க்காதவரை மெக்கானிக் என்று அழைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, அளவுக்கு மீறி ஊற்றப்பட்ட ஆயில். சர்வீஸில் கேன் முழுக்கக் கவிழ்த்துவிடுவது சில இடங்களில் வழக்கம். "மிச்சம் வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" கிராங்க் அந்த ஆயிலில் முழுகி அடித்து நுரைக்கும், சிலிண்டர் சுவரில் தெளிக்கும், பிரீதர் வழியாகவும் போகும். சர்வீஸ் விட்டு வந்த மறுநாளே புகை என்றால் முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டுக்கு மேலே இருந்தால் கூடுதலை வடித்துவிட வேண்டும். செலவு பூஜ்யம்.

டிப்ஸ்டிக் என்றதும் நம் தரப்புக் குற்றத்துக்கு வருகிறேன். பட்டறைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயமில்லை. "ஆயில் ரொம்ப சாப்பிடுது" என்று புகார் சொல்பவரிடம் "எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "ரொம்ப" என்பார். பால்காரர் கணக்கு, பேப்பர்காரர் கணக்கு எல்லாம் காலண்டரில் குறித்து வைப்பவருக்கு இது மட்டும் தெரியாது. சமமான தரையில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்க்க வேண்டும். மேல்கோடு வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி மேல்கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி வேண்டியிருந்தது என்பதை அளந்து ஊற்றி எழுத வேண்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர். சின்ன என்ஜின்களில் அதைவிடக் குறைவு. சில ஐரோப்பிய கம்பெனிகள் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போனால்கூட இயல்புதான் என்று தங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. அதோடு ஒப்பிட்டால், பழைய வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி குடித்தால் அதற்காக அழ வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோமீட்டரில் 1 லிட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 1 மில்லி. 60 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று சிலிண்டர் வண்டியில் கிலோமீட்டருக்கு 4,500 முறை தீப்பற்றுகிறது. அந்த 1 மில்லி 4,500 பங்காகப் பிரிந்து எரிகிறது. கண்ணுக்குப் புகையாகத் தெரியாமலே கணிசமான ஆயில் போகலாம் என்பது இதனால்தான். அதனால் "புகையே இல்லை, என் வண்டி ஜம்முனு இருக்கு" என்று டிப்ஸ்டிக் பக்கமே போகாதவரும், ஒரு குபுக் புகையைப் பார்த்துக் கலங்குபவரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். இருவரும் அளக்கவில்லை.

அளக்கும்போது ஒரு ஏமாற்று உண்டு. குட்டிக் குட்டிப் பயணம் மட்டும் போகும் வண்டியில், எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் குறைந்திருந்தாலும் அளவு குறையாதது போலக் காட்டும். பிறகு திருச்செந்தூர் போய்விட்டு வந்தால் சூட்டில் அந்தப் பெட்ரோல் ஆவியாகி, அளவு திடீரென்று இறங்கும். "ஒரே டிரிப்ல அரை லிட்டர் குடிச்சிடுச்சு" என்று அலறுவார்கள். அது ஒரு டிரிப்பில் போனதாக இருக்காது, மூன்று மாதமாகப் போய்க்கொண்டிருந்ததாக இருக்கலாம்.

எரிகிறதா ஒழுகுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வையுங்கள். காலையில் அதில் சொட்டு இருந்தால் டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர், டிரெய்ன் போல்ட், கிராங்க் பின்சீல் என்று தேட வேண்டும். ஒழுகலுக்கு ரீபோர் செய்துகொண்ட புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகும் சந்தேகம் ரிங் பக்கமே போனால் கம்ப்ரஷன் டெஸ்ட். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கையும் கழற்ற வேண்டும், பற்றவைப்பைத் துண்டிக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண் வரும். கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் அதிகம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர். அந்த ஆயில் தற்காலிகமாக இடைவெளியை அடைக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வோ கேஸ்கட்டோ. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் சேர்ந்து குறைவாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் போயிருக்கிறது.

கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பார்க்க மறந்துவிடாதீர்கள். இள பழுப்பு நிறம் என்றால் நலம். வறண்ட கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் அந்த சிலிண்டரில்தான் ஆயில் போகிறது. மூன்றில் ஒன்று மட்டும் அப்படி என்றால் "மொத்த என்ஜினும் போச்சு" என்பவரிடம் மற்ற இரண்டையும் காட்டுங்கள்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், வால்வு இரண்டும் மூடிய நிலையில் சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை ஏற்றி, எங்கே ஒழுகுகிறது என்று காதால் கேட்பது. ஆயில் மூடிப் பக்கம் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். பஞ்சர் கடையில்கூடக் கம்ப்ரஸர் இருக்கிற நாட்டில் இதைச் செய்யாததற்குச் சோம்பலைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

சரி, ரிங்தான் என்று நிரூபணம் ஆகிவிட்டது. அப்போதும் ரீபோர் என்று ஆகிவிடாது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டிகளில் ஆயில் ரிங் கரி பிடித்து அதன் காடியிலேயே ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரஷன் நன்றாகக் காட்டும், ஆனால் ஆயில் குடிக்கும். இதில் சிலிண்டர் ஒரு பாவமும் செய்யவில்லை. என்ஜினைப் பிரித்தபின் லேத்துக்காரரிடம் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மேலே, நடுவே, கீழே, நீளவாக்கிலும் குறுக்கிலும். எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். கையேட்டு வரம்புக்குள் இருந்தால் லேசாக ஹோனிங் செய்து புது ரிங் போட்டாலே போதும். வரம்பைத் தாண்டினால்தான் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதல் அளவு பிஸ்டனும் ரீபோரும். விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு "பள்ளம் இருக்கு சார்" என்பது அளவு ஆகாது.

பட்டறைக்காரர்கள் ஏன் இப்படி நேராகக் கடைசிப் படிக்குப் போகிறார்கள்? எல்லோரும் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். நம்மால்தான் பாதி. சீல் மாற்றினால் கூலி வாங்கலாம், ரீபோர் செய்தால் பெரிய கூலி வாங்கலாம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சோதித்து "உங்களுக்குப் பிரீதர் அடைப்புதான், கழுவிட்டேன்" என்று சொன்னால் நாம் என்ன கொடுப்போம்? "இதுக்குப் போய் காசா?" என்போம். டாக்டர் ஐந்து நிமிடம் நாடி பார்த்துச் சீட்டு எழுதினால் பேசாமல் ஃபீஸை வைத்துவிட்டு வருகிறோம். கையில் கிரீஸ் படிந்தவரின் மூளைக்கு மட்டும் விலை கிடையாது. கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் கழற்றுவதற்குத்தான் கூலி வாங்குவார்கள். வண்டியை விடும்போதே, "தம்பி, கம்ப்ரஷன் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க, வேலை இங்கே செய்தாலும் செய்யாவிட்டாலும் பார்த்ததற்கு இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறும்.

அடுத்தது இந்த பாட்டில் வியாபாரம். ஊற்றினால் புகை நிற்கும் என்கிறார்கள். கெட்டி ஆயில் போட்டால் நிற்கும் என்கிறார்கள். கொஞ்ச நாள் நிற்கவும் செய்யும், அதுதான் ஆபத்து. கையேட்டில் அனுமதித்திருக்கும் கெட்டியான கிரேடுக்கு மாறுவது வேறு. 20டபிள்யூ-50 என்று பட்டியலில் இருந்தால் தாராளமாகப் போடலாம். பட்டியலில் இல்லாத கெட்டியான ஆயிலை ஊற்றினால் குளிர்ந்த என்ஜினில் அது மேலே ஏறவே நேரமாகும், தேய்மானம் கூடும். இந்த வைத்தியம் உண்மையில் யாருக்குப் பயன்படுகிறது என்றால், வண்டியை விற்கப் போகிறவருக்கு. ஆகவே பழைய கார் வாங்கப் போகும்போது, "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன் சார்" என்று சொன்னால் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். மறுநாள் காலையில் போய், குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஒரு மிதி மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். பெட்ரோல் வண்டிக்கு அதில் பார்ப்பது சூடான என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும். காலையில் முதல் நிமிடத்தில் வந்த நீல மேகம் அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. அரசாங்கமும் வயதைத்தான் பார்க்கிறது. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினார்கள். டெல்லியில் 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிக்குப் பங்கில் எரிபொருளே கிடையாது என்று ஆரம்பித்து, சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். பழைய தொழில்நுட்பம் புதியதைவிட அதிகம் மாசு செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயில் குடிக்கும் ஆறு வயது டாக்ஸி சுதந்திரமாகத் திரிகிறது, ஆயில் குடிக்காத இருபது வயது வண்டி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ஒரு டிப்ஸ்டிக் கணக்கையும் கம்ப்ரஷன் எண்களையும் கேட்டு வாங்க எந்தச் சட்டமும் இல்லை.

"அப்படியென்றால் ஆயிலை ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். வால்வு சீல் அளவுக்குப் போகிற ஆயிலால் என்ஜின் சாகாது. அளவு பார்க்காமல் விட்டு, கீழ்க்கோட்டுக்கும் கீழே போய், பேரிங் உலர்ந்து பிடித்துக்கொண்டால்தான் சாகும். அப்போது சொல்வார்கள் "என்ஜின் போச்சு" என்று, அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் வருடக்கணக்கில் அப்படியே ஓட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அதன் விலை சீல் விலையைப் போலப் பல மடங்கு. அதோடு, பின்னால் டூவீலரில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு வருபவர் நம் ஆயிலைச் சுவாசிக்க வேண்டிய அவசியம் என்ன?

நிஜமாகவே போன என்ஜின்களும் உண்டு. எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் இல்லை, அடியிலிருந்து டக் டக்கென்று தட்டல், சூடானதும் ஆயில் விளக்கு எரிகிறது என்றால் விவாதமே வேண்டாம். நல்ல லேத்தில் கொடுத்து முழு வேலையும் செய்யுங்கள், அல்லது வண்டியை விடுங்கள். புதுப்பேட்டையில் பழைய என்ஜின் வாங்கி மாட்டுபவர்கள் அதன் பில்லைப் பத்திரமாக வைத்து, ஆர்.சி.யில் என்ஜின் நம்பரை மாற்றிப் பதிந்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்கள் இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போதுதான் முழிக்கிறார்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் அங்கே இது உயிர் விஷயம். டர்போ உள்ள டீசலில் நீலப் புகை வந்தால் மேலே சொன்ன இரண்டு வழிகளுக்கு முன்னால் டர்போவைப் பார்க்க வேண்டும். அதன் சீல் போனாலோ, அதிலிருந்து ஆயில் இறங்கும் குழாய் அடைத்தாலோ ஆயில் நேராக இன்டேக்கில் பாயும். இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் குளம் கட்டியிருக்கும். முற்றிவிட்டால் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியென்றால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கைப் பலமாக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு மூச்சடைத்து நிறுத்த வேண்டும். முடியவில்லை என்றால் இறங்கி, எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டாம்.